கஸ்பாரின் நாளொரு விநாடி

கடலுக்குப் போய்த் திரும்பாத கஸ்பாரின் குரலை மனுவுக்குள் வைத்த மறுநாள் அது ஒரு விநாடி வளர்ந்திருந்தது, அதற்கு மறுநாள் இன்னொரு விநாடி, மூன்றாம் நாள் மற்றுமொரு விநாடி என்று, தினமும் தண்ணீர் ஊற்றும் வெண்டைச் செடியைப் போல அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. எங்கள் சிப்பித்துறையில் கணினி மையம் நடத்துகிற தெக்லா அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் அவள் கடை வாசலில் ஆதார் திருத்தத்துக்கு நாற்பது பேர் நின்றார்கள், அதில் இருபது பேருக்குத் தங்கள் பிறந்த தேதியே தெரியாது, அப்படிப்பட்ட ஊரில் ஒன்பது விநாடி பன்னிரண்டு விநாடியானதை யார் போய்த் துருவிக்கொண்டிருப்பார்கள்.

விவரம் தெரியாதவர்களுக்கு முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். கஸ்பார் ஒற்றை ஆளாக வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவன். ஐப்பசியில் மேகம் மூடிக் கிடந்த ஒரு சாயங்காலம் போனவன், எட்டு மணி வாக்கில், கைபேசிக்கு டவர் எட்டுகிற கடைசி எல்லையில் நின்று மனைவி பெர்பெத்துக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினான். ‘பெர்பெத்து, வலை நல்லாக் கனக்கு. விடியதுக்குள்ள வந்துருதேன். அப்புறம் இன்னொண்ணு...’ ஒன்பதே விநாடி, அதோடு அறுந்துவிட்டது. பிறகு அவனும் வரவில்லை, வள்ளமும் வரவில்லை, ஒரு மிதவைகூடக் கரை ஒதுங்கவில்லை. ஊரிலிருந்த அறுபது வள்ளமும் ஒன்பது நாள் தேடிவிட்டு, பத்தாம் நாள் அவரவர் அடுப்பைப் பார்க்கப் போயின.

காணாமல் போனவர்களுக்கென்று எங்கள் பகுதி மீனவர் அலுவலகத்தில் ஒரு மின்மனு உண்டு. அதன் அடியில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று ‘கிடைத்துவிட்டார்’, மற்றது ‘இறந்ததாகக் கருதலாம்’. மனுவுக்கு எண் விழுந்த நூறாம் நாள் மாலை ஐந்து மணிக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் குறி போட வேண்டும், போடாவிட்டால் அலுவலகக் கணினி தானே இரண்டாவது கட்டத்தில் குறி போட்டு மனுவைப் பூட்டிவிடும், பூட்டிய மனுவில் ஆண்டவரே வந்தாலும் ஒரு புள்ளி கூட்டவோ குறைக்கவோ முடியாது. முன்பெல்லாம் மனுவோடு கைபேசியையும் கொண்டுபோய் அதிகாரியின் காதில் வைத்துக் குரலைக் கேட்க வைப்பார்கள், பாதியில் சார்ஜ் இறங்கிவிடும். அதனால் இப்போது ஒலியோ படமோ மனுவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விதி. தெக்லா இதில் கைகாரி. சிலர் செய்வதுபோல வெறும் இணைப்பைக் கொடுத்துவிட்டுக் கை கழுவமாட்டாள், கோப்பு இடம் மாறினால் குரல் அறுந்துபோகும் என்று, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் இடம் ஒதுக்கி, குரலை உள்ளேயே கிடத்தி, சுற்றி மெல்லிய கோடு போட்டுத் தருவாள்.

நான்காம் நாள் கதவு எண்ணில் இருந்த பிழையைத் திருத்த வந்த பெர்பெத்து, திருத்தி முடித்ததும் குரலை ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன் என்றாள். ‘அப்புறம் இன்னொண்ணு’ என்பதோடு நிற்க வேண்டிய குரல் நிற்காமல், அலைச் சத்தமாகி, மூச்சு வாங்கி, ‘மொட்ட மாடி’ என்றது.

பெர்பெத்து அலறவில்லை. “அக்கா, இது முந்தி இல்லையே” என்றாள்.

“ஆமா. ஒரு நாளைக்கு ஒரு செகண்டு ஏறுது.”

“எத்தன நாளா?”

“உள்ள வச்ச நாள்லருந்து.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?”

“ஆதார் கூட்டம் தாயி” என்றாள் தெக்லா. பிறகு இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, அன்றைக்குக் கடையைச் சாத்தும்வரை விடவில்லை.

புது விநாடி தினமும் நான்கு மணிக்குத்தான் வரும், ஒரு நாளும் முன்னே பின்னே ஆனதில்லை. விஷயம் பரவியதும் ஊர் மொத்தமும் நான்கு மணிக்குத் தெக்லாவின் கடை முன்னால் கூட ஆரம்பித்தது. மீன் ஏலம் அரை மணி தள்ளிப் போனது. நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே கரையில் மோட்டார் சோதிக்கிறவர்கள் மோட்டாரை அணைத்தார்கள், கோயில் ஒலிபெருக்கியைப் பங்குச்சாமியே போய் நிறுத்தினார், சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் ‘இரு, கேட்டுட்டு வந்து வச்சுக்கிடுதேன்’ என்று சண்டையை அங்கேயே வைத்துவிட்டு வந்தார்கள். தெக்லா பொத்தானை அழுத்துவாள். ஒரு விநாடி. அவ்வளவுதான். அதுவரை ஒரு விநாடி என்றால் கண் இமைக்கிற நேரம் என்றுதான் எங்களுக்குத் தெரியும், அதற்குள் ஒரு அலை எழுந்து வள்ளத்தின் விலாவில் மோதி வழிய இடம் இருக்கிறது, ஒரு மனிதன் கயிற்றை இழுத்து மூச்சுவிட இடம் இருக்கிறது, ஒரு வார்த்தையில் பாதியைச் சொல்லி மறுபாதியை நாளைக்கு வைக்க இடம் இருக்கிறது என்பதை அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டோம். வீடு திரும்பும்போது யாரும் பேசமாட்டோம். பயமில்லை அது, கோயிலில் நற்கருணை ஆசீர்வாதம் முடிந்து வெளியே வரும்போது வருமே, அந்த மாதிரி ஒரு நிறைவு.

அந்த ‘இன்னொண்ணு’ என்னவாக இருக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடலுக்கடியில் எதையோ கண்டிருக்கிறான் என்றார்கள், மாதாவே வந்து எதையாவது சொல்லியிருப்பாள் என்றார்கள், டீக்கடையில் பந்தயம்கூடக் கட்டினார்கள், பங்குச்சாமி பூசையிலேயே பெயர் சொல்லித் திட்டினார். கயிறு இழுத்துக்கொண்டே பேசியதால் அவன் வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினான், நடுவில் நான்கு நாள் இருமினான், இருபத்தேழாம் நாள்தான் வாக்கியம் முடிந்தது. ‘மொட்ட மாடில காயப்போட்ட நெத்திலிய எடுத்து உள்ள வையி, மழ வரும் போலருக்கு.’

கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். இதற்கா இருபத்தேழு நாள் காத்துக் கிடந்தோம் என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். பெர்பெத்து மட்டும் சிரிக்கவில்லை.

“அன்னிக்குச் சாயந்தரம் மேகம் போட்டிருந்துச்சுல்லா? அந்த மழையத்தான் சொல்லுதாரு” என்றாள். “அவருக்கு இன்னும் அந்தச் சாயந்தரம் முடியல.”

சிரித்தவர்களின் வாய் அப்படியே நின்றது. நாங்கள் கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டத் தொடங்கியிருந்தோம், அவனோ இன்னும் அதே இருட்டில், அதே வலையை இழுத்துக்கொண்டு, அன்றைய மழைக்குப் பயந்துகொண்டிருந்தான். எங்களுக்கு ஒரு நாள் போனால் அவனுக்கு ஒரு விநாடி போகிறது. அவன் பசித்திருக்கவில்லை, தாகத்தில் வாடவில்லை, அழவில்லை, அவன் காணாமல் போயிருக்கிறான் என்பதே அவனுக்கு இன்னும் தெரியாது.

செய்தி கேட்டு வடக்கே இருந்தும் தெற்கே இருந்தும் ஆட்கள் வந்தார்கள். கடல் கொண்டுபோன மகனின் குரல், அண்ணனின் சிரிப்பு, அப்பா படகில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கிற ஒரு துண்டுப் படம் என்று இருபத்துமூன்று துணுக்குகள் சேர்ந்தன. தெக்லா ஒவ்வொன்றையும் அதே போல இடம் ஒதுக்கி, அதே போலக் கோடு கட்டி, ஆவணத்துக்குள் வைத்துக் கொடுத்தாள். ஒன்றுகூட வளரவில்லை. இரண்டு பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த எமிலியாள், அவர்கள் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து சிரிக்கும் பதினேழு விநாடியைக் கொண்டுவந்திருந்தாள். மூன்று நாள் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்துக் கிடந்து, நான்காம் நாளும் பதினேழுதான் என்று தெரிந்ததும் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். “வளரலேன்னா சரி. இனிம வாசலப் பூட்டிட்டு ஒறங்கலாம்” என்று சொல்லி, எங்கள் கோயிலிலேயே பிள்ளைகளுக்குப் பூசை வைத்துவிட்டுப் போனாள். கஸ்பாருக்கு மட்டும் ஏன் இப்படி என்று நாங்கள் பங்குச்சாமியிடம் கேட்டோம். எனக்குத் தெரிந்தால் நான் ஏன் இந்த உப்புக்காற்றில் பங்குச்சாமியாக உட்கார்ந்திருக்கிறேன் என்றார்.

எண்பத்தேழாம் நாள் மீனவர் அலுவலகத்திலிருந்து ஆவுடைநாயகம் வந்தார். மனுக்களைக் கவனிக்கிற எழுத்தர், திருநெல்வேலிக்காரர், ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. நூறு நாள் நெருங்குகிறது என்று நினைவுபடுத்த வந்தவர், நான்கு மணி விநாடியையும் கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

“சரிம்மா. எப்பதான் வாராராம்?”

“விடியதுக்குள்ள வந்துருதேன்னுதான் சொல்லியிருக்காரு சார்.”

சொன்ன பிறகுதான் அவள் அந்தக் கணக்கைப் போட்டாள். கூடை தூக்கி மீன் விற்கிறவள், கணக்குக்குக் காகிதம் வேண்டாம். எட்டு மணியிலிருந்து விடிகிற ஆறு மணிவரை பத்து மணி நேரம், முப்பத்தாறாயிரம் விநாடி, முப்பத்தாறாயிரம் நாள். தெக்லா கணினியில் தட்டிப் பார்ப்பதற்குள் பெர்பெத்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“தொண்ணூத்தெட்டு வருசம்” என்றாள். “அக்கா, அவரு விடியதுக்குள்ள வந்துருவாரு. நாந்தான் இருக்கமாட்டேன்.”

அவளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. அவள் அழுததை அந்த எண்பத்தேழு நாளில் அன்றைக்குத்தான் பார்த்தோம். செத்தவனுக்காக அழுகிறவளைத் தேற்ற ஊருக்கு வழிமுறை இருக்கிறது, உயிரோடு சுகமாக வந்துகொண்டிருக்கிறவனுக்காக அழுகிறவளை எப்படித் தேற்றுவது.

கண்ணைத் துடைத்தபோதே அவளுக்கு அடுத்த கணக்கும் வந்துவிட்டது. டவர் எல்லையிலிருந்து கரைக்கு ஒரு மணி நேர ஓட்டம். விடியும்வரை நிற்காமல் இப்போதே திரும்பினால் மூவாயிரத்து அறுநூறு நாள், பத்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பத்து வருடம் தாங்கலாம். ஆனால் திரும்பச் சொல்லி அவனுக்கு எப்படித் தெரிவிப்பது?

“அவரு கொரலு அதுக்குள்ளதான இருக்கு? எங் கொரலையும் அதுக்குப் பக்கத்துலயே வையிங்க” என்றாள்.

மறுநாள், எண்பத்தெட்டாம் நாள், கடையிலிருந்த எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, பெர்பெத்து ஒலிவாங்கி முன் உட்கார்ந்து பதினான்கு விநாடி பேசினாள். ‘என்னங்க, நெத்திலிய எடுத்து உள்ள வச்சிட்டேன். விடியட்டும்னு நிக்காதீங்க. வலை போனாப் போகுது, அறுத்து விட்டுட்டுத் திரும்புங்க. நான் சொல்லுதது கேக்குதா? இப்பவே வாங்க.’ கைக்கு எட்டிய வலையை அறுத்துவிடச் சொல்வது எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் புருஷனிடம் சொல்லாத சொல். தெக்லா அதை அவன் குரலுக்கு நேர் கீழே, ஒரு வரி இடைவெளிகூட விடாமல் வைத்தாள்.

அன்றைக்கு மறுநாள் விநாடியில் அவன் இல்லை. அலைச் சத்தம் மட்டும் இருந்தது. அதற்கு மறுநாளும் அலை. அதற்கு மறுநாளும் அலை. இருமலில்லை, கயிறு உரசவில்லை, மூச்சிரைப்பில்லை. ஐந்தாம் நாள் கூட்டம் பாதியாகக் குறைந்தது. எட்டாம் நாள் மீன் ஏலம் பழைய நேரத்துக்கே திரும்பியது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாள் என்று சிலர் அவள் காதுபடவே பேசினார்கள். நானும் பேசினேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. குரலுக்குக் கீழே குரலை வைத்து அமுக்கிவிட்டாள், அவன் மூழ்கிவிட்டான் என்று ஊர் முடிவுகட்டியது. எமிலியாள் செய்ததைப் போல ஒரு பூசை வைத்துவிடலாம் என்று பங்குச்சாமி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

“அவரு சாகல. கேட்டுக்கிட்டு இருக்காரு” என்றாள் பெர்பெத்து. நம்பத்தான் ஆளில்லை.

நூறாம் நாள் வந்தது. ஆவுடைநாயகம் மூன்றரை மணிக்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து மணிக்குக் கணினி தானே குறி போட்டு மனுவைப் பூட்டிவிடும், அதன் பிறகு கஸ்பார் சத்தம் போட்டுக் கூப்பிட்டாலும் கேட்பதற்கு இடம் இருக்காது. அதற்கு முன்னால் ஒரே ஒரு வார்த்தை வந்தால் போதும், தான் கேட்டதாக எழுதிவிடுவதாக அவர் சொல்லியிருந்தார். குறைந்திருந்த கூட்டம் அன்றைக்கு மறுபடியும் கூடியது. நான்கு மணி. தெக்லா பொத்தானை அழுத்தினாள். அலை.

ஆவுடைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். “ஒண்ணும் இல்லையேம்மா.”

பெர்பெத்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். “அக்கா, நான் பேசுனதையும் அவரு சும்மா இருக்குததையும் ஒண்ணு மேல ஒண்ணா ஓட்ட முடியுமா?”

தெக்லாவுக்கு அது ஒரு வேலையே இல்லை. அவள் பேச்சையும் அவன் மௌனத்தையும் ஒரே நேரத்தில் தொடங்கும்படி வைத்து, ஒலியைக் கடைசி அளவுவரை ஏற்றி, கடையின் மின்விசிறியை அணைத்தாள். ‘என்னங்க, நெத்திலிய எடுத்து உள்ள வச்சிட்டேன்’ என்று பெர்பெத்தின் குரல் ஓடியது, அதன் அடியில் அவன் கடல் ஓடியது, வலையை அறுத்துவிடச் சொன்ன இடத்தில் அந்தக் கடலுக்குள்ளிருந்து ஒரு மூச்சு சுருக்கென்று உள்ளே இழுபட்டது, அது மூச்சுதான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு பன்னிரண்டாம் விநாடியில், அன்றைக்கு வந்த அந்த விநாடியில், அவள் ‘கேக்குதா?’ என்று கேட்டு முடித்த இடத்தில், அலைக்கு அடியில், மணலில் கால் புதைவதுபோல அவ்வளவு மெதுவாக, ‘ம்’ என்றது.

தெக்லா மறுபடி ஓட்டினாள். ‘கேக்குதா?’ ‘ம்.’

பன்னிரண்டு நாளாக நாங்கள் சாவு என்று நினைத்தது, ஒரு மனிதன் வேலையை நிறுத்திவிட்டுப் பெண்டாட்டி பேச்சைக் காது கொடுத்துக் கேட்டது. ஊரில் எந்த ஆம்பிளையும் அப்படிக் கேட்டதில்லை என்பதால் எங்களுக்கு அது என்னவென்றே தெரியாமல் போனது. வாசலில் நின்ற பெண்கள் அழுதார்கள். ஆண்கள் எதையோ தேடுவதுபோலத் தரையைப் பார்த்தோம். பங்குச்சாமி அங்கேயே முழங்காலில் நின்றுவிட்டார்.

“சார், கேட்டுச்சா?” என்றாள் பெர்பெத்து.

“கேட்டுச்சும்மா.” ஆவுடைநாயகம் மனுவின் அடியிலிருந்த இரண்டு கட்டங்களையும் பார்த்தார். “கிடைச்சிட்டாருன்னு போடவும் முடியாது. இறந்துட்டாருன்னும் போட முடியாது. வேற கட்டம் இதுல இல்ல.”

“அப்பம் பூட்டிருமா?”

மணி நான்கே முக்கால் ஆகியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல்முறையாகச் சிரித்தார். “முப்பத்திரெண்டு வருசமா ஆபீஸ்ல என்ன செஞ்சேன்னு நெனைக்க? ஒரு கோப்ப நிலுவையில வைக்க எனக்குத் தெரியாதா?” என்று சொல்லித் தெக்லாவை எழுப்பிவிட்டு, அவள் இடத்தில் உட்கார்ந்து, தன் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே நுழைந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். ‘மனுதாரரின் கணவர் வந்துகொண்டிருப்பதால் இம்மனு நிலுவையில் வைக்கப்படுகிறது.’

“நீங்க ரெண்டு வருசத்துல ரிட்டயராயிருவீங்களே சார்?” என்றாள் தெக்லா.

“ஆயிருவேன். நிலுவையில வச்ச கோப்ப அடுத்து வாரவன் எடுத்துப் பாக்கதுக்குப் பத்து வருசம் ஆவும்” என்றார் ஆவுடைநாயகம், எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டே.

நூற்று மூன்றாம் நாள் கஸ்பார் ‘சரி’ என்றான். அதற்கு அடுத்த நாள் கத்தி கயிற்றில் பட்டது. கனத்த வலை கடலுக்குள் போகும் சத்தத்தை மூன்று நாள் கேட்டோம், மூன்று நாளும் கரையில் யாரும் வலை விரிக்கவில்லை. நூற்று ஒன்பதாம் நாள் நான்கு மணிக்கு மோட்டார் கிளம்பியது. அந்த ஒரு விநாடிச் சத்தத்தைக் கேட்டதும் எங்கள் அறுபது வள்ளக்காரர்களும் கரைக்கு ஓடி, அவரவர் மோட்டாரைக் கிளப்பி, சாயங்காலம் முழுக்க உறுமவிட்டார்கள். எவ்வளவு டீசல் வீணானது என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் பெர்பெத்து வந்தாள்.

“அக்கா, அவரு கரையேறும்போது எனக்கு நாப்பத்தோரு வயசு ஆயிரும். அவருக்கு ஒரு மணி நேரந்தான் ஆயிருக்கும். முடி நரைச்சு, பல்லு போயி நிப்பேன். எவ இவன்னு கேட்டாருன்னா?”

தெக்லா எழுந்து, அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற கேமராவைத் தூசி தட்டி, சுவரோரம் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, முன்னால் ஒரு முக்காலியைப் போட்டாள். “அவரு கொரலுக்குப் பக்கத்துல ஒங் கொரல் இருந்தா ஒம் மூஞ்சியும் இருக்கலாம். டெய்லி ஒரு செகண்டு வந்து உக்காரு. ஒரு நாளும் தவறப்பிடாது. வள்ளத்த ஓட்டிக்கிட்டே போன்ல பாத்துக்கிட்டு வருவாரு. கரைக்கு வாரதுக்குள்ள பத்து வருசத்தையும் பாத்திருவாரு.”

அன்றிலிருந்து நான்கு மணிக்கு அவன் விநாடியைக் கேட்டு முடித்ததும், பெர்பெத்து முக்காலியில் உட்கார்ந்து நேராகப் பார்ப்பாள், தெக்லா ஒரு விநாடி படம் பிடித்து முந்தைய நாளின் விநாடியோடு ஒட்டி மனுவுக்குள் வைப்பாள். காய்ச்சல் வந்தபோதும் உட்கார்ந்தாள், அவள் அம்மா செத்த அன்றும் மாரடித்துக் கலைந்த தலைமுடியோடு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாள். முதல் நாள் தெக்லா சிரிக்கச் சொன்னதால் சிரித்தாள். இரண்டாம் நாள் மாட்டேன் என்றுவிட்டாள்.

“தெனமும் சிரிச்சா நம்பமாட்டாரு அக்கா” என்றாள். “இருக்குத மாதிரியே எடுங்க.”